வெந்நீரில் போட்ட ரெகுலேட்டர்

எங்கள் வீட்டில் யாரும் டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்க மாட்டோம். தூக்கித்தான் குடிப்போம். காப்பி எவ்வளவு கொதித்தாலும் சரி, லோக்கல் ரயில் எவ்வளவு ஆடினாலும் சரி, பாட்டில் வாயில் படாது. மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தில் பாதிப் பேர் இப்படித்தான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என் கணவர் கடித்த பழத்தை நான் கடித்தது கிடையாது. இதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை, பல் தேய்ப்பதுபோல ஒரு பழக்கம், அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு கடலுக்கு அடியில் போக ஆசைப்பட்டேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

முதல் தடவை மால்வண் கடற்கரைக்குப் போனபோது கடலில் இறங்குவதற்கு எல்லாச் சாமான்களும் அவர்களே வாடகைக்குக் கொடுத்தார்கள். ரெகுலேட்டர் என்று ஒன்று. முதுகில் இருக்கும் சிலிண்டரிலிருந்து காற்றை வாய்க்குக் கொண்டுவருவது அதுதான். அதன் நுனியில் இருக்கும் ரப்பரைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையில் வாங்கிப் பார்த்தேன். ரப்பரில் யாருடைய பல்லோ பதிந்திருந்தது. மோந்து பார்த்தேன், பான் மசாலா. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன். பத்தடி ஆழம்கூடப் போயிருக்க மாட்டோம், அதற்கு மேல் அந்த ரப்பரைக் கடிக்க முடியவில்லை. மேலே போகலாம் என்று கட்டை விரலைக் காட்டினேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பயிற்சியாளர் என்பதால் என் கணவரும் என்னோடு மேலே வர வேண்டியதாகிவிட்டது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து, தட்டில் ரசஞ்சாதம் பிசைந்துகொண்டே சொன்னார்: “ஜனவரில நாலு நாள் கோர்ஸ் இருக்கு. நான் சேரப்போறேன். ஜோடி ஜோடியாத்தான் எறக்குவா. நீ வரலேன்னாலும் பரவாயில்லை, அங்க யாரையாவது என்னோட சேர்த்து விட்டுடுவா.”

யாரையாவது! எனக்குச் சுருக்கென்றது. என் புருஷனுக்குத் தண்ணீருக்கு அடியில் ஜோடி யாரையாவதாமே. “நானும் வரேன்” என்றேன். சொன்ன பிறகுதான் அந்த ரப்பர் ஞாபகம் வந்தது. சொந்தமாக ஒரு ரெகுலேட்டர் வாங்கினால் ஒழிய நான் தண்ணீரில் இறங்கப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

புதிதின் விலையை ஒரு கடையில் விசாரித்தேன். “ஒன்னுக்கா, டஜனுக்கா?” என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பழைய சாமான் வேட்டை ஆரம்பமானது. சாயங்காலம் ஆபீசிலிருந்து திரும்பும்போது லேடீஸ் கம்பார்ட்மென்டில் மற்றவர்கள் போனில் புடவை பார்ப்பார்கள், நான் தண்ணீருக்கு அடியில் கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் செகண்ட் ஹேண்டில் பார்ப்பேன்.

நாலு மாதத்தில் நிறையக் கற்றுக்கொண்டேன். மாஸ்க்கை வாரில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், விழுந்தால் வாங்கக் கூடாது. கோபர்கைரனேயில் ஒரு தமிழ்க் குடும்பம் கடலில் முங்கப் போடும் ரப்பர் உடுப்பு விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரு வருஷமாக பால்கனிக் கொடியில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் முழங்கையை மடக்கினேன், அப்பளம் மாதிரி வெடித்தது. அந்த அம்மாள், “ஒருவாட்டிதான் போட்டது, புத்தம்புதுசு” என்றாள். அதே வீட்டில் காலில் மாட்டும் துடுப்பு ஒரு ஜோடி, கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பாதி விலைக்கும் கீழே அடித்துப் பேசி வாங்கி வந்தேன். இன்றுவரை அதற்கு ஒரு குறையும் இல்லை.

ரெகுலேட்டர் மட்டும் அமையவில்லை. ஏனென்றால் நான் எல்லாரிடமும் முதலில் கேட்ட கேள்வி, “எத்தனை பேர் உபயோகிச்சது?” என்பதுதான். எத்தனை வருஷம், எங்கே சர்வீஸ் செய்தது என்று கேட்க வேண்டியதையெல்லாம் அப்புறம்தான் கேட்பேன். ஊரார் எச்சிலைவிட ஒருத்தர் எச்சில் தேவலை என்று ஒரு கணக்கு. ஏன் கேட்கிறேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

கடைசியில் வடாலாவில் ஒருவர் அகப்பட்டார். தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் கப்பலின் அடிப்பக்கத்தைச் சுரண்டும் முக்குளிப்பு வேலை பல வருஷம் பார்த்துவிட்டு, இப்போது பழைய சாமான்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறார். ஒரே அறை. சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு காற்றுக் குழாய், ஹோஸ். மோனோரயில் போகும்போது எல்லாம் லேசாக ஆடின.

“ஒரே ஆளுதான்க்கா” என்றார் என் கேள்விக்கு. “பொவாய்ல ஒரு பையன். கல்யாணத்துக்கு முன்னால வாங்குனான், கல்யாணம் ஆனதும் வித்துட்டான்.”

புது விலையில் மூன்றில் ஒரு பங்குதான் சொன்னார். நான் வழக்கம்போலப் பேரத்தை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “வெலை பெறவு. மொதல்ல வீட்டுக்குக் கொண்டு போங்க, ரெண்டு நாள் வச்சுப் பாருங்க. ஞாயித்துக்கெழம செம்பூர்ல நீச்சல் குளத்துல எறங்குவோம். தண்ணிக்குள்ள நான் பாக்காம துட்டு வாங்க மாட்டேன். நாளைக்கு ஒண்ணுன்னா நீங்களா வந்து சொல்ல முடியும்?”

வாங்கி வந்த அன்றைக்கே, பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, ஒரு கரண்டி மஞ்சள்பொடியும் போட்டு, வாயில் வைக்கும் பகுதி முழுவதையும் அதில் முக்கினேன். பத்து நிமிஷம். ஹோஸ் பாத்திரத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் எட்டிப் பார்த்தார். “என்ன, ஆக்டோபஸ் குழம்பா?”

“உங்க வேலையைப் பாருங்கோ” என்றேன். எடுத்துத் துடைத்து ஷெல்ஃபில் வைத்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பொவாய்ப் பையன் ஒழிந்தான், இனி இது என்னுடையது.

செம்பூரில் அந்தக் குளம் பழைய காலத்தது, ஒரு பக்கம் பதினைந்தடி ஆழம். ஞாயிறு காலையில் ஆள் குறைவு. என் கணவர் படியில் உட்கார்ந்துகொண்டார். தூத்துக்குடிக்காரர் ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னக்கா, ரப்பர் மஞ்சளா இருக்கு?”

“வெயில்ல வெச்சேன்” என்றேன். கூசாமல் பொய்.

அவர் சைகைகள் சொல்லிக்கொடுத்தார். கழுத்தை அறுப்பதுபோலக் கையை இழுத்தால் காற்று வரவில்லை என்று அர்த்தம். “அப்படிக் காட்டுனியன்னா என் வாயில இருக்கிறதை உங்களுக்குத் தருவேன். எனக்கு இந்தா, பக்கத்துல தொங்குத ஸ்பேர் இருக்கு.”

“அந்த ஸ்பேரை எனக்குக் கொடுத்தா என்ன?” என்றேன் சட்டென்று.

“ஸ்பேர் வேலை செய்யுதா இல்லியான்னு யாரு கண்டா? வாயில இருக்கிறது வேலை செய்யுதுன்னு, நான் உசிரோட இருக்கிறதைப் பாத்தாலே தெரியுமில்லா?”

மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன். இறங்கினோம். மேலே இருந்தவரை மூச்சு நன்றாகத்தான் வந்தது. அடியில் போய் முட்டி போட்டு உட்கார்ந்து இழுத்தேன், பாதி காற்று, பாதி தண்ணீர். இன்னொரு தரம் இழுத்தேன், முழுக்கத் தண்ணீர். புரையேறிவிட்டது. தண்ணீருக்குள் இருமுவது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போச்சு, கூசாமல் பொய் சொன்னேனே, அதற்குக் கூலி இது என்று தோன்றியது. கழுத்தில் கையை இழுத்துக் காட்டினேன்.

அவர் அவசரப்படவில்லை. தன் வாயிலிருந்ததை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஸ்பேரைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். நான் வாங்கினேன். வாங்கி, என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே மூச்சு மிச்சம் இல்லை, நெஞ்சு எரிகிறது, தலைக்கு மேல் பதினைந்தடித் தண்ணீர். அந்த ரப்பரை என் நீச்சலுடையில் இரண்டு தரம் தேய்த்துத் துடைத்தேன். துடைத்துவிட்டுத்தான் வாயில் வைத்தேன்.

காற்று வந்தது. சொல்லத் தெரியவில்லை, அப்படி வந்தது. அவர் என் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே கூட்டிவந்தார். மாஸ்க்குக்குள் அவர் கண் சிரித்துக்கொண்டிருந்தது.

மேலே வந்து படியைப் பிடித்ததும் அவர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: “அண்ணாச்சி, இருபத்தஞ்சு வருசமா தண்ணியில கெடக்கேன். உசிரு போற நேரத்துல தொடச்சிட்டு வாயில வைக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்கேன்!”

நான் அழுதுவிட்டேன். பயத்தில் கொஞ்சம், வெட்கத்தில் மீதி. அழுதுகொண்டே வெந்நீர், மஞ்சள்பொடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரெகுலேட்டரின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே பிளாஸ்டிக் விளிம்பு கொதியில் நெளிந்துபோயிருந்தது. நெளிந்த இடத்தில்தான் தண்ணீர் புகுந்திருக்கிறது.

“அக்கா, உங்களுக்கு ரப்பர்தானே பிரச்சினை?” என்று ரப்பரைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டியைக் கத்தரியால் வெட்டினார். ரப்பர் தனியாகக் கையோடு வந்தது. “இது மட்டும் கழண்டு வரும். புதுசு எல்லா எடத்துலயும் கெடைக்கும். ஓட்டல்ல ரெண்டு பேர் மீல்ஸ் சாப்புடுத துட்டுதான் ஆகும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

நாலு மாதம்! கோபர்கைரனேயிலிருந்து வடாலாவரை அலைந்த நாலு மாதம்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாடகைச் சாமானிலேயே வேறு ரப்பர் மாட்டிக்கொண்டு போயிருப்பேன். கேட்கத்தானே வெட்கப்பட்டேன். என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூத்துக்குடிக்காரர் நெளிந்த பிளாஸ்டிக் கூட்டுக்குப் பதில் தன்னிடமிருந்த வேறொரு கூட்டை மாற்றிப்போட்டு, அடுத்த ஞாயிறும் குளத்தில் இறக்கிப் பார்த்துத்தான் பணம் வாங்கினார். நான் பேரம் பேசவில்லை. என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவது? புது ரப்பரும் மாட்டிக்கொண்டேன். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மால்வண் போகும் வழியெல்லாம் என் கணவர் கிண்டலடித்துக்கொண்டே வந்தார். “கைக்குட்டை எடுத்துண்டியா? அடியில தொடைக்கணுமே.” கோர்ஸின் மூன்றாம் நாள், இருபதடி ஆழத்தில், மணலில் எதிரெதிரே முட்டி போட்டு உட்காரவைத்தார்கள். எனக்குக் காற்று இல்லாததுபோல நான் காட்ட வேண்டும், ஜோடி தன்னுடையதைக் கொடுக்க வேண்டும். கையைக் கழுத்தில் இழுத்தேன். அவர் தன் வாயிலிருந்ததை எடுத்து நீட்டினார். நீட்டிவிட்டு, நான் துடைக்கப்போவதைப் பார்ப்பதற்காகக் கண்ணை அகல விரித்துக்கொண்டு காத்திருந்தார்.

துடைக்கவில்லை. வாங்கி அப்படியே வைத்துக்கொண்டேன். உப்பு கரித்தது. அதற்கு அடியில் காலையில் அவர் குடித்த காப்பியின் கசப்பு இருந்ததாக எனக்குத் தோன்றியது. போதும் என்று பயிற்சியாளர் சைகை காட்டினார். நான் இன்னும் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.