சேவுகம்பட்டிக்கு வந்த ரயில் நிலையம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

சென்ற மாதம் ஒரு காலை வேளையில், என் நண்பர் சவரிமுத்து சித்தையன்கோட்டையிலிருந்து முதல் பேருந்தில் புறப்பட்டுத் திண்டுக்கல்லில் உள்ள என் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். கத்தரிக்காய் பறிக்கிற நாளில் தோட்டத்தை விட்டு வெளியே வருகிற மனிதர் அல்லர் அவர். கூடவே மகள் ஆரோக்கிய செல்வி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

செல்வி இங்குள்ள ஒரு கல்லூரியில் சமூகப் பணி முதுகலை இறுதியாண்டு மாணவி. சேவுகம்பட்டிப் பக்கம் மல்லிகை பறிக்கிற பெண்களைப் பற்றி ஒரு புராஜெக்ட் எழுதிக் கொடுத்திருந்தாள். அதில்தான் வினை.

"காலேஜ்ல புதுசா ஒரு மிஷின் வந்திருக்காம்ண்ணே. பிள்ளைக எழுதுனத அதுல விட்டா எங்கருந்து எடுத்ததுன்னு சொல்லிருமாம். இவளுக்கு நூத்துக்கு நாப்பதுக்கு மேல காட்டுதாம்" என்றார் சவரிமுத்து. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாப்பதுன்னா பாஸ்தானண்ணே? அதுக்கு எதுக்கு இது அழுகுது?" என்று கேட்டார்.

"எப்பா... செத்த நேரம் சும்மா இருக்கியா" என்றாள் மகள்.

விஷயத்தை அவளே விளக்கினாள். அது மிஷின் அன்று; கம்ப்யூட்டரில் இயங்கும் ஒரு மென்பொருள். மாணவர் எழுதியதை இணையத்தில் உள்ளவற்றோடும், கல்லூரி சேமித்து வைத்திருக்கும் பழைய புராஜெக்ட்களோடும் வரிக்கு வரி ஒப்பிடுமாம். பொருந்தும் பகுதிகளுக்கு வண்ணம் பூசி, மொத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்று ஓர் எண்ணையும் தருமாம். செல்வியின் எண்தான் வகுப்பிலேயே மிகப் பெரியது. துறைத்தலைவி விளக்கம் கேட்டிருக்கிறார். விளக்கம் சரியில்லையென்றால் புராஜெக்ட் தள்ளுபடி; ஓராண்டு வீண். கொடைரோடு அருகே ஒரு குழந்தைகள் இல்லத்தில் அவளுக்கென்று வைத்திருக்கும் வேலையும் வேறொருவருக்குப் போய்விடும்.

"நான் பாத்து எழுதல பெரியப்பா. மாதா சத்தியமா" என்றாள்.

நம்பினேன். சவரிமுத்து, "நாலு பேப்பர்ல எழுதுறவரு, நீங்க வந்து பேசுங்கண்ணே" என்று வேண்டிக்கொண்டார். வாசகர்கள் அறிவார்கள் — நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தேங்காய் மண்டியில் நின்றபடியே நாலெழுத்து கற்றவன். கல்லூரிப் படியேறுகையில் சற்றுத் தயக்கம் இருக்கத்தான் செய்தது. ஆயினும், உழவர் வீட்டுப் பிள்ளையின் உழைப்பை ஓர் இயந்திரம் களவென்று சொல்வதா? வழியெல்லாம் ஒரு சொற்பொழிவைத் தயாரித்துக்கொண்டே போனேன்.

துறைத்தலைவி ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண்மணி. என் சொற்பொழிவை முழுதும் கேட்டார். இடைமறிக்கவில்லை. முடித்ததும் ஒரு தம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"ஏனுங்க ஐயா, இது திருட்டைக் கண்டுபிடிக்கிற சாமான் இல்லீங்க. ஒண்ணு போல இருக்கறதைக் காட்டும். அவ்வளவுதானுங்க அதுக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. ஒன்று போல இருந்தால் களவுதானே?

அவர் சிரித்தார். "உங்க பத்தியை வாரா வாரம் படிக்கிறனுங்க. ஒவ்வொரு வாரமும் 'மதிப்பிற்குரிய'ன்னுதான் ஆரம்பிக்கிறீங்க. அதையெல்லாம் சேத்து இதுல போட்டா முதல் வரி பூராவும் கலராத்தான் வரும். அதுக்காக உங்களைப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்க முடியுமுங்களா?"

தண்ணீரைக் குடித்தேன். வேறென்ன செய்ய?

பிறகு அந்த அறிக்கையை என் முன் விரித்தார். பல வண்ணங்களில், திருவிழாத் தோரணம் போல இருந்தது. கையில் பென்சில் எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போனார். வினாப்பட்டியல் வண்ணத்தில் இருந்தது. வகுப்பு மொத்தமும் சேர்ந்து தயாரித்த கேள்விகள், எல்லாரிடமும் ஒன்றாகத்தான் இருக்கும். கழித்தார். கடைசியில் உள்ள நூற்பட்டியல். ஒரே நூலைப் படித்தவர்கள் ஒரே தலைப்பைத்தானே எழுத முடியும்? கழித்தார். மேற்கோள் குறிக்குள் போட்டு, யார் சொன்னது என்றும் ஒழுங்காகக் காட்டிய வரிகள். கழித்தார். முன்பக்கத்துச் சான்றிதழ் வாசகம், துறையே அச்சிட்டுக் கொடுப்பது. அதையும் கழித்தார்.

எண் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. என் நெஞ்சில் இருந்த பாரமும் அவ்வளவு இறங்கிற்று.

இன்னொன்றும் சொன்னார். வேறொரு மாணவருக்குச் சிறிய எண்தான் வந்ததாம். ஆனால் அவ்வளவும் முடிவுரையில் ஒரே இடத்தில் குவிந்து கிடந்ததாம். ஆய்ந்து கண்டறிந்த முடிவையே வேறெங்கிருந்தோ எடுத்திருந்தால் மற்றதெல்லாம் எதற்கு? பெரிய எண் எல்லாம் குற்றமும் இல்லை. சிறிய எண் எல்லாம் யோக்கியமும் இல்லை என்றார். எண்ணைப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்கிறவர்கள் கல்லூரியிலேயே இருக்கிறார்கள் என்று வருத்தப்பட்டும் கொண்டார்.

ஆக, செல்வி தப்பித்தாள் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அவர் இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பினார். ஊரைப் பற்றிய அறிமுகம். இரண்டு பக்கமும் ஒரே நிறம். இதே துறையில் சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கொடுத்த புராஜெக்ட்டோடு சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. கழிப்பதற்கு ஏதும் இல்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை வாசிம்மா."

செல்வி ஆங்கிலத்தில் வாசித்தாள். இந்த ஊரில் ஒரு ரயில் நிலையம் உண்டு, கோடையில் மலைக்குப் போகும் பயணிகள் இங்கே வந்து இறங்குவார்கள், அதனால் பழக்கடைகள் மிகுதி... அங்கே நின்றுவிட்டாள்.

"சேவுகம்பட்டில ரயில் எந்தப் பக்கம் நிக்குது கண்ணு?"

"அங்க ரயிலே கிடையாது மேடம்."

"அப்ப இதை எழுதுனது யாரு?"

"நானில்ல மேடம்."

"பின்னாடி, 'இது முழுக்க என் சொந்த உழைப்பு'ன்னு ஒரு பக்கம் இருக்கே. அந்தக் கையெழுத்து?"

"என்னோடதுதான்" என்றாள் செல்வி.

சவரிமுத்துவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மகளின் முகம் தெரியும். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

துறைத்தலைவி அதோடு விடவில்லை. அந்த ஊரைப் பற்றி உனக்கு என்ன தெரியும், தமிழிலேயே சொல் என்றார். தயங்கித்தான் ஆரம்பித்தாள். போகப் போகப் பேச்சு தானாக வந்தது. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும், விரிந்துவிட்டால் மார்க்கெட்டில் மதிப்பில்லை. அதனால் விடியுமுன் தலையில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார்கள். மழை பெய்த மறுநாள் செடிக்கடியில் பாம்பு கிடக்குமென்று முதலில் ஒரு குச்சியால் தட்டுகிறார்கள். நாள் முழுதும் பூவோடு கிடக்கிற அந்தப் பெண்களில் ஒருவர்கூடத் தலையில் பூ வைத்து அவள் பார்த்ததில்லை...

"இவ்வளவு தெரிஞ்சவ எதுக்கு ரயிலைக் கொண்டாந்து விட்டே?" என்று கேட்டார் அம்மையார். மறுவாரம் வெள்ளிக்கிழமை வரை நேரம் தந்தார். அந்த இரண்டு பக்கம் எப்படி வந்ததென்று தெரிந்துகொண்டு வர வேண்டும். சொந்தமாக எழுதியும் வர வேண்டும். அது எப்படி வந்தது என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது, மனிதர்கள்தாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

கேட்கப் போனோம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பாண்டி என்பவரின் கம்ப்யூட்டர் சென்டர். ஊரில் பாதிப் புராஜெக்ட்கள் அங்கேதான் டைப் ஆகின்றன; செல்வியும் கையால் எழுதியதை அங்கேதான் கொடுத்திருந்தாள். பாண்டி மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய காரியம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"ஆமாய்யா, நான்தான் போட்டேன். தங்கச்சி எழுதுன இங்கிலீசு அந்த எடத்துல மட்டும் தடுமாறிக் கெடந்துச்சு. பாவம், மார்க்கு கொறஞ்சிருமேன்னு பழைய பைல்ல இருந்து நல்ல பாராவா எடுத்துச் சொருகுனேன். ஊருப் பேர மட்டும் மாத்திட்டேன்."

"ரயில் ஸ்டேஷன மாத்தலையே அப்பு" என்றார் சவரிமுத்து.

"அத யாருண்ணே வாசிக்கப் போறாகன்னு விட்டுட்டேன்."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. யோசித்துப் பாருங்கள்... கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனால் நாம் என்ன சொல்கிறோம்? போன தடவை அடித்ததையே எடுத்துப் பேரை மாற்றிக் கொடுங்கள் என்கிறோம். விடுப்பு விண்ணப்பம், பஞ்சாயத்துக்கு மனு, நினைவஞ்சலி — எல்லாம் அப்படித்தானே? நல்ல வாசகம் ஊருக்குப் பொது என்பது நம் வழக்கம். பாண்டி அந்த வழக்கத்தைக் கல்லூரிக்குள்ளும் கொண்டுபோய்விட்டார். செல்வியோ, டைப் ஆகி வந்ததை அட்டையின் அழகைப் பார்த்துவிட்டு, வாசிக்காமலே கையெழுத்திட்டுவிட்டாள். ஏமாற்றும் எண்ணம் இருவருக்குமே இல்லை. ஆனாலும் படிக்கிறவருக்குப் போய்ச் சேர்வது பொய்தான்.

அவள் முதலில் எழுதிக் கொடுத்த தாள்கள் பாண்டியின் கடையில் எப்போதோ குப்பையோடு போய்விட்டன. மீண்டும் எழுதினாள். மறுபடியும் சேவுகம்பட்டிக்குப் போய்வந்து எழுதினாள். வேறு கடைக்குப் போகலாமே என்றேன். மற்ற அத்தியாயங்கள் இங்கேதான் இருக்கின்றன என்று பாண்டியிடமே வந்தாள். இம்முறை நாற்காலியை இழுத்து அவர் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எழுதுனத அப்படியே அடிங்கண்ணே."

"இந்த வரி சரியா வரலயேம்மா. லேசாத் திருத்திறவா?"

"வேணாம்ண்ணே. தப்பையும் சேத்தே அடிங்க."

நல்லதைச் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பாண்டியின் விரல்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு வரிக்கும் பெருமூச்சு விட்டார்.

வெள்ளிக்கிழமை துறைத்தலைவியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னோம். புதிய பக்கங்களை வாசித்தார். பாம்புக்குக் குச்சி தட்டுகிற இடத்தில் இருமுறை நின்றார். மொழிப் பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டார். அவற்றுக்கு மதிப்பெண் குறையும் என்றும், பாக்கியெல்லாம் சரி என்றும் சொன்னார். புராஜெக்ட்டை ஏற்றுக்கொண்டார். உறுதிமொழிப் பக்கத்தைப் புதிதாக எடுத்து செல்வியின் முன் வைத்தார்.

செல்வி பேனாவைத் தொடவில்லை. "ஒரு தடவ முழுசா வாசிச்சிட்டுப் போடுறேன் மேடம்" என்று முதல் பக்கத்தைத் திருப்பினாள். சித்தையன்கோட்டைப் பேருந்து போய்விடும் என்று சவரிமுத்து எனக்குச் சைகை காட்டினார். நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். துறைத்தலைவியும் எழுந்திருக்கவில்லை. கடைசித் தாள் வரை வாசித்த பிறகே அவள் கையெழுத்திட்டாள்.

இந்த வாரம் முடிவு வந்திருக்கிறது. தேறிவிட்டாள். முதல் வகுப்புக்குக் கொஞ்சம் குறைவு. குழந்தைகள் இல்லத்தில் அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

தங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ புராஜெக்ட் எழுதும் பிள்ளைகள் இருக்கக்கூடும். ஆகவே இந்தப் பக்கத்தை மட்டும் கத்தரித்துப் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.