கிழமைக்கு ஒரு குளிசை

என் கணவருக்குத் துறைமுக வாசலில் இரவுக் காவல். பகல் முழுக்க யன்னலுக்குச் சீலையைத் தொங்கவிட்டுத் தூங்குவார். எங்கள் சல்லிக் கிராமத்தில் வாசலுக்கு வாசல் மீன் காய்கிற வெயில். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, இரத்தப் பரிசோதனையில் விற்றமின் டி குறைவு என்று வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? சீனி, பிரஷர், கொழுப்பு எல்லாம் அளவுக்கு அதிகம்.

"இது குறைஞ்ச ஆக்களுக்குச் சீனி வருத்தமும் இருதய வருத்தமும் கூடுதலாக் காணுறம். ஆனா இதைக் கூட்டினா இருதயம் சுகமாகிடும் எண்டில்லை. ஞாயிறுக்கு ஞாயிறு, கிழமைக்கு ஒரு குளிசை போடுங்கோ, வெயில்ல கொஞ்சம் நடவுங்கோ," என்றார் கிளினிக் டொக்டர். என் காதில் முதல் பாதிதான் ஏறியது. என் மாமனார் என் கணவரின் வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்.

கனடாவில் இருக்கும் தங்கச்சிக்குக் குளிசையைப் படம் பிடித்து அனுப்பினேன். அதே மருந்து போத்தல் போத்தலாகப் பார்சலில் வந்தது. "கிழமைக்கு ஒண்டுதான் அக்கா," என்று அவளும் சொன்னாள். "ஓம், ஓம்," என்றேன். வெளிநாட்டு மருந்து அலுமாரி நிறைய இருக்க, கிழமைக்கு ஒன்று என்ன பிச்சையா? ஒவ்வொரு காலையும் தேத்தண்ணியோடு ஒன்று நீட்டினேன்.

"தினமும் போடச் சொன்னவரோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"எல்லாம் சொன்னவர். வாயைத் திறவுங்கோ."

மூன்றாம் மாதம் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். சீனிதான் ஏறிவிட்டது என்று சோற்றைக் குறைத்தேன். பிறகு சத்தி, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. ஒரு காலை வேலையால் வந்தவர், சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "இஞ்சாரும், நெஞ்சு தவறித் தவறி அடிக்குது," என்றார். தொட்டுப் பார்த்தேன். இரண்டு அடி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒரே ஓட்டம். ஐயோ அம்மாளே! சப்பாத்தோடேயே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

இரத்தத்தில் கல்சியம் ஏறிக்கிடக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். "விற்றமின் டி எவ்வளவு எடுக்கிறீங்கள்?" என்று கேட்டார் ஓர் இளம் பெண் டொக்டர்.

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, "கிழமைக்கு ஒண்டுதான் பிள்ளை," என்றார்.

"அப்ப வேற காரணம் தேடவேணும். எங்கயும் கட்டி கிட்டி இருக்கோ எண்டும் பாக்கவேணும்," என்று டொக்டர் எழுதத் தொடங்கினார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். சனம் என்ன கதைக்கும் என்ற பயம். அப்படி நின்றதற்காக இன்றைக்கும் என்னை நானே ஏசுகிறேன், விசரி. பிறகு கத்திவிட்டேன்.

"பொய், டொக்டர்! ஒவ்வொரு நாளும் ஒண்டு. மூண்டு மாசமா. நான்தான் குடுத்தனான்!"

வாட்டில் கிடந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. "அதுதான் கல்சியத்தை ஏத்தியிருக்கு," என்று டொக்டர் எழுதியதை வெட்டினார், குளிசையை நிறுத்தினார், சேலைன் ஏற்றச் சொன்னார். ஏசக்கூட இல்லை.

என் கணவரின் நெஞ்சு முழுக்க வயர். கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். "ஏனப்பா பொய் சொன்னீங்கள்? செத்தெல்லோ போயிருப்பீங்கள்!"

"உமக்கு ஏசிப்போடுவினம் எண்டு பயந்திட்டன்," என்றார்.