ஸ்பெயின்காரரின் பக்கங்களைத் திருப்ப மாண்ட்ரியல் போன கதை

பிப்ரவரியில் மாண்ட்ரியலுக்கு யாரும் ஆசைப்பட்டுப் போக மாட்டார்கள். நானும் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒரு புதன்கிழமை காலை தரணி போன் செய்தாள். "அக்கா, வெள்ளிக்கிழமை வந்திட்டுப் போறீங்களோ? சனிக்கிழமை என்ரை சோதினை. பக்கம் திருப்ப ஆளில்லை."

தரணி யாழ்ப்பாணத்துப் பெண். டொராண்டோவில் மூன்று வருடம் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தாள். இப்போது இருப்பது மாண்ட்ரியலில், செயின்ட்-மிஷேல் பக்கம். விடிகாலை நான்கு மணிக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றப் போவாள். மதியத்துக்கு மேல் பல்கலைக்கழகத்தில் பியானோ படிப்பு. ஆறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. பட்டம் வேண்டுமென்றால் கடைசியில் ஆட்களுக்கு முன்னால் ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும், அதுதான் பரீட்சை. போன வருடம் வாசித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் எல்லாம் மறந்துபோய், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இது இரண்டாவது வாய்ப்பு, இதுவே கடைசியும். இந்தத் தடவை இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிக்க அனுமதி வாங்கியிருந்தாள். இரண்டு கையும் வாசிப்பில் இருக்கும், பக்கம் திருப்ப வேறு ஆள் வேண்டும். ஒப்புக்கொண்டிருந்த தோழி ஐஸில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

பக்கம் தானே மாற டேப்லட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒத்திகையில் அது பாதியில் அணைந்துபோனதாம். அதற்கப்புறம் அவள் அதைத் தொடவில்லை.

நான் எதற்கு என்றால், சின்ன வயதில் சென்னையில் பியானோவில் ஐந்து கிரேடு பாஸ் பண்ணியவள். இதை அவளிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேனோ தெரியாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை 7.30 பஸ். தூரம் 540 கிலோமீட்டர், எனக்கு ஆன கட்டணம் 64 டாலர். ஆறரை மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். கிங்ஸ்டன் தாண்டியதும் பனி கொட்ட, ஏழேகால் மணி நேரம் ஆனது. வழியில் ஒரு லாரி பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதில் தரணி அனுப்பிய ஐந்து பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டபடி போனேன்.

ஐந்துமே ஒரே ஸ்பெயின்காரர் எழுதியவை. நானும் தரணியும் அவரை அப்படித்தான் சொல்வோம். நூறு வருடத்துக்கு முந்தைய ஆள். எழுதியதெல்லாம் பியானோவுக்கு, கேட்டால் கித்தார் மாதிரி இருக்கும். ஒரு கை மெட்டை வாசிக்கும்போது இன்னொரு கை அதன் மேலேறிக் குதித்து இறங்கும். கேட்கச் சுகமாக இருக்கிறதே என்று தாளைத் திறந்து பார்த்தேன். எறும்புப் புற்றை உதைத்துவிட்ட மாதிரி, பக்கம் முழுக்கக் கறுப்பாக அப்பிக் கிடந்தது. அதில் இடம் பிடித்துப் பின்தொடர என் ஐந்து கிரேடு எந்த மூலைக்கு?

பஸ் நிலையத்திலிருந்து செயின்ட்-மிஷேலுக்கு டாக்ஸி, 29 டாலர். ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர், மகனோடு போனில் பிரெஞ்சில் பேசிக்கொண்டே ஓட்டினார். ஒரு திருப்பத்தில் வண்டி வழுக்கவும் நான் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. இருவது வருசமா ஓடுறன்."

"ரெண்டு கையாலயும் ஓட்டுங்கண்ணே, போதும்" என்றேன். சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

மாலை ஐந்து மணிக்கு வீட்டில் ஒத்திகை. தரணி நிறையச் சட்டம் சொன்னாள். பியானோவுக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும். பக்கம் முடிய இரண்டு வரி இருக்கும்போது எழுந்து, இடது கையால் மேல்மூலையைப் பிடிக்க வேண்டும். அவள் தலையசைத்தால் திருப்ப வேண்டும். விரலில் எச்சில் தொடக்கூடாது. பிரச்சினை என்னவென்றால், அவள் தாளத்துக்கும் தலையசைப்பாள். எது எனக்கான அசைவு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு தடவை முன்கூட்டித் திருப்பினேன். இரண்டு தடவையும் அவள் கை அப்படியே நின்றது.

"தாள் இல்லையெண்டா எனக்கு ஒண்டும் வராது அக்கா. போன வருசம் போலை கை விறைச்சுப் போயிடும்."

நாலாவது பாடலில் ஒரு பக்கம் தனித் தாள். திருப்புவதற்குத் தோதாக நகலெடுத்து டேப் போட்டு ஒட்டியிருந்தாள். "இது விழுந்துட்டா என்ன பண்றது?" என்று கேட்டேன். "விழாது அக்கா. நீங்கள் அந்தக் காப்பைக் கழட்டுங்கோ, சத்தம் கேட்கும்." கல்யாணத்தன்று போட்ட தங்க வளையல். சோப்பு, எண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தும் வரவில்லை. கடைசியில் மருந்துக்கடை பிளாஸ்டரை மணிக்கட்டோடு சுற்றி ஒட்டிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். மெட்ரோவில் நீல வழித்தடம், எட்டு நிறுத்தம், பதினைந்து நிமிடம். பிறகு ஒரு மேடு ஏற வேண்டும், அன்று மைனஸ் பத்தொன்பது. நல்ல செருப்பை டொராண்டோவிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். தரணியுடையது எனக்கு இரண்டு அளவு சின்னது. அதனால் உப்பும் சேறும் பிடித்த பனிக்காலணியோடுதான் மேடைக்குப் போனேன். வாசலில் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொன்ன பெண் என் காலையே பார்த்தாள்.

இரண்டு மணி. பரீட்சையாளர்கள் மூன்று பேர், மற்றவர்கள் ஒரு நாற்பது பேர். அவளுடைய ஆறு வருடம் என் இரண்டு விரலில் இருக்கிறது என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருந்தது. முதல் மூன்று பாடலும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நான் இசையைக் கேட்கவில்லை. வரியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலாவது பாடல் ஊர்வலம் மாதிரி. மேளம் எங்கோ தூரத்தில் தொடங்கி, கிட்டே கிட்டே வந்து, நம் வாசலிலேயே இடிக்கும். அது கிட்டே வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் திருப்ப எழுந்தேன். சரியாகத்தான் திருப்பினேன். கையை எடுக்கும்போது தனித் தாளும் கூடவே வந்தது. பிளாஸ்டரின் ஓரம் பிரிந்து அதில் ஒட்டியிருந்திருக்கிறது. உதறினேன். தாள் பறந்து என் காலடியில் விழுந்தது. பதறி ஒரு அடி வைத்தேன், அதன் மேலேயே வைத்தேன்.

குனிந்தேன். எடுத்தேன். எடுத்தவள் நேரே தாங்கியில் வைக்க வேண்டியதுதானே? இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முதலில் இந்தக் கண், பிறகு அந்தக் கண். நான் யோசித்துச் செய்யவில்லை. காகிதத்தை மிதித்தால் என் கை அதைத்தான் செய்யும். மூன்று பரீட்சையாளர்களும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இவளைக் கெடுத்துவிட்டேன், தீர்ந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் காதில் விழுந்தது. ஊர்வலம் நிற்கவில்லை. தரணி வாசித்துக்கொண்டிருந்தாள், முன்னால் தாளே இல்லாமல். இடது கை ஓரிடத்தில் தடுக்கியது, எனக்கே தெரிந்தது. ஆனாலும் நிற்கவில்லை. உப்புச் சேற்றில் காலணித் தடம் பதிந்த அந்தத் தாளை நான் தாங்கியில் வைத்தபோது அவள் அதைத் தாண்டிப் போயிருந்தாள். தலையசைத்தாள். அடுத்ததைத் திருப்பினேன்.

முடிந்து வெளியே வந்ததும் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதது நான்தான்.

"மன்னிச்சுடு தரணி. எல்லாம் என்னாலதான்."

"அக்கா, நீங்கள் கண்ணிலை ஒத்தினதைக் கண்டனான்" என்றாள். "உந்தப் பெரிய பியானோவுக்குப் பக்கத்திலை, உந்தச் சப்பாத்தோடை. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. தாள் இல்லையெண்டதே அதுக்குப் பிறகுதான் விளங்கினது."

பாஸ் என்று தகவல் வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். குளிர்காலத்தில் பஸ்ஸைவிட ரயில் நிம்மதி, விலைதான் கூட. வந்து சேரும் நேரத்தை நம்பி அன்றைக்கே எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாணவர் வாசிக்கும் நிகழ்ச்சிகளில் பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது, சும்மா போய் உட்காரலாம். வீட்டுக்குள்ளும் அரங்குக்குள்ளும் போட ஒரு ஜோடி செருப்பைப் பையில் முதலில் வையுங்கள். வளையல் கழலவில்லை என்றால் நகைக்கடைக்குப் போய் அறுத்துவிடுங்கள். நான் அறுத்துவிட்டேன்.

ஜூனில் செயின்ட்-மிஷேலில் ஒரு சின்னக் கூடத்தில் அந்த நாலாவது பாடலை வாசிக்கிறாளாம், தாள் இல்லாமல். "நீங்கள் முன்வரிசையிலை இருங்கோ. நான் நிண்டுபோனால் எதையாவது எடுத்துக் கண்ணிலை ஒத்துங்கோ, எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்கிறாள். பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.