குதிகாலில் எடுத்த ரத்தம்

மகன் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் குதிகாலைக் குத்தி, ஒரு அட்டையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்தார்கள். "பச்சக் கொயந்தையப் போயி குத்துறியேம்மா" என்று நர்சிடம் சண்டைக்கே போனேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுக்கிறோம், ஏதாவது இருந்தால் சொல்லி அனுப்புவோம் என்றார். ராயபுரத்து வாடகை வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். மறுநாளே அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு, பிள்ளையோடு காலடிப்பேட்டையில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பூட்டிய வீட்டுக்கு யார் வந்து எதைச் சொல்வது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

முப்பது நாள் ஆகும்வரை குழந்தையை வெளி ஆளுக்குக் காட்டமாட்டோம். முன்பின் தெரியாதவர்கள் கேட்டால், குழந்தையே இல்லை என்றுவிடுவோம். கண் பட்டுவிடும் என்ற பயம். பன்னிரண்டாம் நாள் குடையும் பையுமாக ஒரு அம்மாள் வாசலில் வந்து நின்று, "குழந்தை பிறந்திருக்கிற வீடு இதுதானே?" என்று கேட்டார். உள்ளே இருந்தபடியே தங்கைக்கு ஜாடை காட்டினேன்.

"இங்க கொயந்தயும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேற வூடு பாரு" என்றாள்.

பிள்ளை என் பக்கத்தில்தான் கிடந்தான். ஒரு சிணுங்கல் இல்லை. பாலுக்குக்கூட எழுப்பினால்தான் எழுவான். சமத்து என்று நான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

பத்தடி போன அம்மாள், கொடியில் காய்ந்த துண்டுத்துணிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "குழந்தை இல்லாத வீட்ல இதெல்லாம் யாரோடது?" பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொன்னார். பிள்ளைக்குத் தைராய்டு குறைவு போலிருக்கிறதாம். உடனே மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும், மாத்திரை தள்ளிப்போனால் மூளை வளர்ச்சி கெட்டுவிடும். ராயபுரத்து அக்கம்பக்கத்தில் விசாரித்து, இங்கே தெருத்தெருவாக அலைந்திருக்கிறார். அழாமல் தூங்கிக்கொண்டே கிடப்பதும் அதனால்தானாம். பிள்ளையைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

சந்தேகப்பட்டது சரிதான் என்று மறு பரிசோதனையில் தெரிந்தது. இப்போதே தொடங்கினால் எல்லாப் பிள்ளைகளையும்போல வளருவான், மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது என்றார் டாக்டர். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

மருந்து அட்டை எழுதுகிறவர் குழந்தையின் பேர் கேட்டார். "முப்பது நாள் ஆவாம பேரு வெக்க மாட்டோம் சார்" என்றாள் தங்கை. நான் குறுக்கே புகுந்து, மனதில் வந்த ஒரு பேரைச் சொன்னேன்.

தங்கை பதறிவிட்டாள். "மாமா கடல்ல கீறாரு. அவரக் கேக்காம இன்னாக்கா இது?"

"ஒரு தபா புள்ளயே இல்லன்னு சொன்னது போதும்டி" என்றேன். "நீ எழுதிக்கோ சார்."