மழைக்கு ஒதுங்கியவர்

"தலையக் கொஞ்சம் குனிங்க சார்," என்று பிடரியில் இரண்டு விரலை வைத்து அழுத்துகிறார் ரத்னவேல். கத்தரி நின்றாலும் அவர் வாய் நிற்காது. சிங்கப்பூரில், டன்லப் தெருவை ஒட்டிய சந்தில் மூன்று நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை அவருடையது. காற்பந்து, அரசியல், புக்கிட் பாஞ்சாங்கில் தன் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் படுத்தும் பாடு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். ஒரேயொரு விஷயத்துக்கு மட்டும் குரல் இறங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் சிராங்கூன் சாலையில் திடீர் மழை. நனையாமல் நிற்க இடம் தேடியவர், கல்லூரி மாணவர்கள் போட்டிருந்த கூடாரத்துக்குள் புகுந்தார். எலும்பு மஜ்ஜை கொடுக்க முன்வருபவர்களை அங்கே பதிந்துகொண்டிருந்தார்கள். "சும்மா எப்படி நிக்கிறது? வாயத் தொறங்கன்னாங்க, தொறந்தேன். பஞ்சுக் குச்சியால கன்னத்துக்குள்ள தடவுனாங்க. மழ விட்டுச்சு, வந்துட்டேன்." அதோடு மறந்தும் போனார்.

போன வருடம் அந்த மஜ்ஜைப் பதிவு அமைப்பிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். "ஸ்கேம்னு நெனச்சு கட் பண்ணிட்டேன் லா!" நல்லவேளை, அவள் மறுபடியும் அழைத்தாள். ஒரு சிறுமிக்கு இரத்தப் புற்றுநோய். சொந்தத்தில் யாருடைய மஜ்ஜையும் பொருந்தவில்லை. உங்களுடையது பொருந்துகிறது என்றாள். சிறுமியின் பெயரோ ஊரோ சொல்ல அனுமதியில்லை.

மனைவி சங்கீதா அழுதுவிட்டாள். "நாள் முழுக்க நின்னு செய்யற வேல. இடுப்புல ஊசி குத்தி ஏதாச்சும் ஆயிட்டா?"

ரத்னவேலுக்கும் பயம்தான். "நான் மாட்டேன்னுட்டா அந்தப் புள்ளைக்கு வேற யாரு இருக்கா?" என்றார். சங்கீதா மருத்துவமனைக்குக் கூடவே போனாள்.

மஜ்ஜை எடுத்ததால் வந்த இடுப்பு வலி சில நாளில் போய்விட்டது. திகைப்புதான் போகவில்லை. "என் ரத்தம் சார், எங்கயோ ஒரு புள்ள ஒடம்புல ஓடுது. அன்னிக்கு நான் கொட எடுத்துட்டுப் போயிருந்தா?" கேட்டுவிட்டுக் கண்ணாடியில் தெரியும் தன்னையே, யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

போன வாரம் என் தலையில் பாதி வெட்டியிருந்தபோது அதே பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது. கேட்டுக்கொண்டே கத்தரியைக் கீழே வைத்தார்.

"புள்ள வீட்டுக்குப் போயிடுச்சாம் சார். கொட்டுன முடி திரும்ப வளந்து நெத்தியில விழுதாம்."

பிறகு அவர் பேசவே இல்லை. மீதியை வெட்டி முடித்து, என் கழுத்தைத் துடைத்துவிட்டார். மூலையில் துடைப்பம் இருந்தது. அதை எடுக்காமல் தரையில் குந்தி, உதிர்ந்து கிடந்த முடியை இரண்டு கைகளாலும் மெல்ல அள்ளினார்.