முந்நூற்றுப் பன்னிரண்டாவது பகுதி

பனியில் எடுக்கப்படும் பாட்டுக் காட்சிகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. மொன்ட்ரியாலில் இருபத்தேழு குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். கதாநாயகன் கழுத்து வரை மூடிய கோட்டோடு நிற்க, கதாநாயகி மெல்லிய சேலையோடு பனியில் உருண்டு புரளும் பாட்டு ஒரு படத்தில் வந்தால், அந்தப் படத்துக்குப் பத்துக்கு மூன்றுக்கு மேல் நான் போடுவதில்லை. இசை நன்றாக இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்குச் சளி பிடித்திருக்குமே என்ற யோசனையிலேயே எனக்குப் பாட்டு முடிந்துவிடும்.

தொலைக்காட்சித் தொடர் என்றால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு தட்டு கீழே விழுந்தால் அதை மூன்று முறை காட்டுவார்கள். பிறகு வீட்டிலுள்ள ஒன்பது பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். தட்டைப் பொறுக்குவதற்குள் அன்றைய பகுதி முடிந்துவிடும். மறுநாள் திரும்பவும் அதே தட்டு விழும். இவ்வளவு திட்டுகிறவர் எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று மனைவி கேட்பாள். பார்க்காமல் எப்படித் திட்டுவது?

கிழமை நாட்களில் நான் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன். அங்கே என் கருத்தை ஒருவரும் கேட்பதில்லை. சனிக்கிழமை காலையில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலுள்ள என் வீட்டின் குசினி மேசையில் இருந்துகொண்டு, அந்தக் கிழமை பார்த்த படங்களுக்கும் தொடர்ப் பகுதிகளுக்கும் விமர்சனம் எழுதி வட்சப் குழுவில் போடுவேன். குழுவில் அறுபது எழுபது பேர் இருக்கிறார்கள். மாதா கோயிலுக்குத் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள், அவர்களுடைய உறவுக்காரர்கள், பலசரக்குக் கடைக்காரர், ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கிப் போன பிறகும் எங்களை மறக்காத இரண்டு குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, "அண்ணை, இந்தமுறை கிழிச்சுத் தொங்கவிட்டிட்டியள்" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், அந்தக் கிழமை முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படாது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் தங்கச்சி நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறாள். முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை. அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். பத்து வருடத்துக்கு முன்னால் அவளுடைய கணவன் வேலை தேடி ரொறன்ரோவுக்குப் போனான். போன இடத்தில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டான். அந்தச் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தோம். "இண்டையில இருந்து இந்தக் குடும்பத்தில அவன்ர பேரை ஒருத்தரும் எடுக்கக் கூடாது" என்று சோற்றில் கை வைத்தபடியே சொன்னேன். ஒருவரும் எடுக்கவில்லை. தங்கச்சியும் எடுக்கவில்லை. அவளுடைய பிள்ளைகள் என் முன்னால் அப்பா என்ற சொல்லை விழுங்கப் பழகிக்கொண்டார்கள். மாதா கோயிலில் கட்டின கலியாணத்துக்கு விவாகரத்து இல்லை என்பதால் எழுத்தில் எந்தப் பிரிவும் நடக்கவில்லை. தங்கச்சியின் மானத்தைக் காப்பாற்றியவன் நான்தான் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

போன இலையுதிர்காலத்தில் ஒரு தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி தையல் கடை வைத்திருக்கிறாள். அவளை விட்டுவிட்டுப் போன கணவன் ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்து, சேர்த்துக்கொள் என்று தெருவில் நிற்கிறான். தங்கச்சி முன்பெல்லாம் தொடர் பார்க்கிறவள் இல்லை. வேலையால் வந்து சமைத்து முடிக்கவே அவளுக்கு நேரம் சரியாக இருக்கும். ஆனால் இந்தத் தொடரைப் பற்றி மட்டும் பின்னேரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குத் தொலைபேசி எடுத்துக் கதைக்கத் தொடங்கினாள். எனக்குச் சந்தோசம். எங்கள் குடும்பத்தில் கடைசியில் ஒருத்திக்காவது ரசனை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அண்ணை, நேற்றையான் பகுதி பாத்தனீங்களோ?"

"பாத்தனான். நாலு நாளா அதே மழைக்குள்ள நிக்கிறான். ஒரு குடை வாங்கிக் குடுக்க அந்த ஊரில ஆள் இல்லை."

"அவள் அந்தாளைச் சேர்ப்பாளோ?"

"சேர்த்தாளெண்டால் நான் அதோட இந்தத் தொடரை விட்டன்."

அவள் சிரித்தாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் எடுத்தாள்.

"அந்தாள் இப்ப தனியத்தானே அண்ணை இருக்கிறான். வருத்தமும் வந்திட்டுது."

அவனுக்கு நோய் வந்த பகுதி எனக்கு ஞாபகத்தில் இல்லை. வேலையில் நின்ற ஒரு நாளில் தவறவிட்டிருப்பேன் என்று நினைத்தேன். அதற்காகக் கருத்துச் சொல்லாமல் இருக்க முடியுமா?

"எல்லாக் கதையிலயும் உதுதானே. தெம்பா இருக்கேக்க ஊர் சுத்துறது, இருமல் வந்தாப்போல பெண்சாதியின்ர நினைப்பு வாறது."

"மனுசர் திருந்தமாட்டினமோ?"

"திருந்துவினம். கிழமைக்கு அஞ்சு நாள், விளம்பரத்துக்கு முன்னால."

இந்தப் பதில் எனக்கே பிடித்துப் போனது. மறக்குமுன் ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்தேன். அந்தப் பக்கம் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்ததுதான் முந்நூற்றுப் பன்னிரண்டாவது பகுதி. கதாநாயகி கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டு, சோறு போட்டாள். சோறு போடும்போது பின்னால் வயலின். நான் சனிக்கிழமை விடியவே எழும்பி எழுதினேன். அவ்வளவு வேகமாக நான் எதையும் எழுதியதில்லை. 'ஏழு வருடம் தையல் மெஷினை மிதித்துத் தன் காலில் நின்ற ஒருத்தியை, ஒரு பிளேட் சோற்றில் எழுத்தாளர் கொன்றுவிட்டார்' என்று தொடங்கினேன். 'தன்னை எறிந்துவிட்டுப் போனவனை வீட்டுக்குள் எடுப்பவளுக்கு இரக்கம் இருக்கிறது என்று இயக்குநர் நினைக்கிறார். அவளுக்கு ரோசம் இல்லை என்பதே என் கருத்து. இப்படிப்பட்ட பெண்ணைப் பார்த்து நான் அழமாட்டேன், சிரிப்பேன்' என்று முடித்தேன். பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் தையல் மெஷினுக்கு.

குழுவில் கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. கடைக்காரர் அதை வேறு இரண்டு குழுக்களுக்கும் அனுப்பி வைத்தார். தங்கச்சியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு பின்னேரத் தொலைபேசியும் நின்றுவிட்டது. நான் எடுத்தால், வேலை கூட அண்ணை, பேந்து கதைக்கிறன் என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் சாப்பிட வராமல் நேரே வீட்டுக்குப் போனாள். என் விமர்சனத்துக்குப் பிறகு அவளுக்கு அந்தத் தொடர் வெறுத்துப்போய்விட்டது என்று விளங்கிக்கொண்டேன். என் எழுத்துக்கு அப்படி ஒரு பலம் என்று மனைவியிடம் சொல்லியும் காட்டினேன்.

தைமாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோயிலில் பாட்டுப் பழகிவிட்டு வந்த தங்கச்சியின் மூத்த மகளைக் காரில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இருபது வயது. வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான். என்னோடு மட்டும் பாவம் பார்த்துத் தமிழில் கதைப்பாள். வழியில் நான் புதிதாகப் பார்த்த ஒரு படத்தைத் திட்டிக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் கார் நின்றதும் அவள் இறங்கவில்லை.

"மாமா, இனிமேல் கிரித்தீக் எழுதாதேங்கோ."

விமர்சனத்தை அவள் அப்படித்தான் சொல்லுவாள். ஏன் என்று கேட்டேன்.

"அப்பா ரெண்டு மாசமா அம்மாவோட ஃபோனில கதைச்சவர். அந்த மனுசி அவரை விட்டிட்டுப் போய்க் கனகாலமாம். வரட்டோ எண்டு கேட்டவர். அம்மா யோசிச்சுச் சொல்லுறன் எண்டவ. பேந்து உங்கட கிரித்தீக் வந்தது. அம்மா குசினியில நிண்டு அதை ரெண்டுதரம் வாசிச்சவ. அண்டைக்கே அப்பாவை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா."

"உனக்கு அவர் வாறது விருப்பமோ?"

"எனக்கு அவரில இன்னும் கோவம்தான். ஆனால் அம்மாவுக்கு என்ன விருப்பம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே."

அவள் இறங்கிப் போனாள். நான் கார் என்ஜினை நிறுத்தாமல் அப்படியே உறுமவிட்டு இருந்தேன்.

தொடரைச் சாட்டி வாழ்க்கையைக் கேட்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. என்னோடு வேலை செய்யும் ஒருவருடைய மகள் வேற்று மதப் பையன் ஒருவனை விரும்பியபோது, அவள் தாயிடம் முதலில் கேட்டது, அந்தத் தொடரில் அந்தப் பெண் செய்தது பிழையா அம்மா என்றுதான். தாயும் தொடருக்கே பதில் சொன்னார். இருவருக்கும் எல்லாம் விளங்கியது. இந்தக் கதையை நான் பல பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் தங்கச்சி அதையே என்னிடம் செய்தபோது எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு வேண்டியது என் விமர்சனம் என்று நினைத்துவிட்டேன். ஒரு காட்சியில் நீலச் சேலை அடுத்த காட்சியில் பச்சையானால் கண்டுபிடிக்கிறவன் நான். அந்தத் தொடரில் கணவனுக்கு வருத்தம் என்று ஒரு காட்சியே வரவில்லை என்பது அந்தக் காருக்குள் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு என்னில் அருவருப்பாக இருந்தது.

காரைப் பூட்டிவிட்டு மேலே போனேன். தங்கச்சி குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். தேத்தண்ணி போடட்டோ என்று தங்கச்சி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"மச்சானுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டேன்.

பத்து வருடத்தில் அந்தச் சொல் என் வாயில் வந்தது அன்றைக்குத்தான். கத்தி நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நெஞ்சில ஒப்பரேசன் செய்தது. இப்ப பரவாயில்லையாம். தனிய இருக்கிறார்."

"ஏன் என்னட்டை நேராக் கேக்கேல்லை?"

"பேரை எடுக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கடை ஏழு மணிக்குப் பூட்டும் என்பதைச் சொல்வது போலச் சொன்னாள்.

"நான் எழுதினது தொடரைப் பற்றியெல்லோ."

"தெரியும் அண்ணை. நல்லாத்தான் எழுதியிருந்தனீங்கள். வாசிக்கேக்க எனக்கே என்னை நினைச்சு வெக்கமாக் கிடந்தது."

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அறுபது பேர் கைதட்டிய அந்த வரிகள் எனக்கு அப்படியே மனப்பாடம். அவள் இந்த இடத்தில் நின்று அதை இரண்டு முறை வாசித்திருக்கிறாள்.

"உனக்கு என்ன விருப்பம்?"

அவள் கையைத் துடைத்தாள்.

"வந்து இருக்கட்டும் எண்டு நினைச்சனான். பழைய மாதிரி எண்டில்லை. அந்தச் சின்ன அறையில இருக்கட்டும். பிள்ளையள் ரெண்டும் போனாப்போல நானும் தனியத்தானே. கதைக்க ஒரு மனுசர் இருக்கட்டும் எண்டு."

இப்போதும் சொல்கிறேன், அது மோசமான பகுதிதான். வயலினும் மழையும் சோற்றுப் பிளேட்டும் எல்லாம் மோசம். அந்த மனுசனைப் பற்றிய என் கருத்தும் மாறவில்லை. அவன் செய்தது செய்ததுதான். ஆனால் அந்தத் தையல்காரிக்கு அப்படி ஒரு யோசனை இருந்திருக்கலாம் என்று எழுதும்போது எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. தோன்றாதவன் எதற்கு எழுதினேன்?

நம்பரைத் தா என்றேன். வேண்டாம் அண்ணை, முடிஞ்ச கதை என்றாள். திரும்பவும் கேட்டேன். தன் தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தாள். நம்பரைப் பார்த்து என்னுடையதில் அழுத்தினேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"ஹலோ, ஆர்?"

குரல் கிழடுதட்டிப் போயிருந்தது. என்னைவிட இரண்டு வயது இளையவர்.

"நான்தான் மச்சான். தங்கச்சி வீட்டில நிண்டு எடுக்கிறன்."

அங்கே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு அதை நிறுத்தினார்.

"சொல்லுங்கோ."

"தங்கச்சி உங்களை வரவேண்டாம் எண்டு சொன்னாளாம்."

"ஓம். நான் செய்ததுக்கு அவ அப்பிடிச் சொல்லாட்டித்தான் புதினம். நல்லா யோசிச்சு அவ எடுத்த முடிவு எண்டு விளங்கினது. அதாலதான் பேந்து நான் எடுக்கேல்லை."

தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி நின்றாள்.

"அது அவள் எடுத்த முடிவில்லை மச்சான்," என்றேன். "நான் எடுத்தது. நீங்கள் இப்ப அவளிட்டத் திரும்பக் கேளுங்கோ."

தொலைபேசியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதைக் கேட்காமல், வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைப் போட்டேன்.