அழித்துவிடுவார்கள் என்று தெரிந்தே பாடிய பாட்டு

1. முதல் டிராக்

டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் சினிமா வேலை, டிராக் பாடுவது. டிராக் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. கேட்டால் மரியாதை போய்விடும் என்று கேட்கவும் இல்லை. இன்றைக்கு ஜெயித்துவிட்டு எனக்கு போன் செய்கிற பிள்ளைகளுக்கும் அது தெரியவில்லை. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பாடகர் ஸ்டுடியோவுக்கு வருவதற்கு முன்னால், பாட்டு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக இன்னொருவரைப் பாடவைத்துப் பதிவு செய்வார்கள். சில சமயம் அதை வைத்துப் படப்பிடிப்பே நடந்துவிடும். பெரியவர் வந்து பாடியதும் முதல் குரலை அழித்துவிடுவார்கள். அந்த முதல் குரல்தான் டிராக்.

என்னைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்தி ஹெட்போன் மாட்டினார்கள். எனக்கு இருந்த பயமெல்லாம் என் மூச்சைப் பற்றித்தான். மரக்காணம் உப்பளத்தில், அம்மாவோடு கூடை சுமந்து வரப்பில் நடந்துகொண்டே பாடிப் பழகியவள் நான். குரலை மேலே எடுக்கும் முன் 'ஹக்' என்று ஒரு மூச்சு இழுப்பேன். போட்டியில் நடுவர்கள் வாரம் தவறாமல் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "குரல் நல்லா இருக்கும்மா, ஆனா மூச்சு மைக்ல கேக்குது."

அதனால் சவுண்ட் இன்ஜினியரிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் சிரித்தார். "மூச்சையெல்லாம் நாங்க வெட்டி எடுத்துடுவோம் மேடம். நீங்க தாராளமா விடுங்க."

மேடம் என்று என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. உச்சி குளிர்ந்துபோய் ஊருக்கு வந்து, சினிமாவில் பாடிவிட்டேன் என்று பவுனு அக்காவிடம் சொன்னேன். அவரிடம் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான்.

2. பாண்டி தியேட்டர்

பவுனு அக்கா எங்கள் பக்கத்து உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களின் செட்டுக்குத் தலைவி. போட்டி நடந்த மாதங்களில் எனக்குப் பிரசார பீரங்கி அவர்தான். உப்பு ஏற்ற வருகிற லாரி டிரைவர்களை மடக்கி, "மொதல்ல போன எடு. எங்க பொண்ணுக்கு ஓட்டுப் போடு. போட்டாதான் லோடு" என்பார். தமிழே தெரியாத டிரைவர்கள்கூட எனக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் ஜெயித்ததில் என் தொண்டைக்கு எவ்வளவு பங்கு, பவுனு அக்காவின் தொண்டைக்கு எவ்வளவு பங்கு என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

படம் வெளியான அன்று செட்டுப் பெண்கள் வேலைக்குப் போகவில்லை. பூ வைத்துக்கொண்டு, வேன் பிடித்து, பாண்டிச்சேரி தியேட்டருக்குக் கிளம்பினார்கள். நடுவில் அம்மாவையும் என்னையும் கல்யாணப் பெண் வீட்டாரைப் போல உட்காரவைத்தார்கள்.

பாட்டு வந்தது. பல்லவியின் முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் குரல் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த பெரிய பாடகி ஒருவரின் குரல். அருமையாகப் பாடியிருந்தார். அது இன்னும் வலித்தது.

முன் வரிசையில் இருந்த பவுனு அக்கா திரும்பி, தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி, "நிர்மலா, இது நீ இல்லியே? மூச்சையே காணோம்?" என்றார்.

வெளியே ஓடிவந்து, என்னை வேலைக்கு அழைத்த கோஆர்டினேட்டருக்கு போன் போட்டேன். "டிராக்னு அப்பவே சொன்னனேம்மா. டிராக்னா அழிக்கத்தான் செய்வாங்க" என்றார். அதற்குள் பவுனு அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஏம்பா, இது நாங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்ச பொண்ணு. நீ பாட்டுக்கு எடுத்துட்டா என்னா அர்த்தம்? யார கேட்டு எடுத்த?" தண்ணீர் வரவில்லை என்று கவுன்சிலரிடம் சண்டை போடுகிற அதே குரல். கோஆர்டினேட்டர் போனை வைத்துவிட்டார்.

திரும்பும்போது வேனில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அழுதேன்.

"அழுவாத" என்றார் பவுனு அக்கா. "அடுத்த தபா அவன் அழிக்க முடியாத மாரி பாடு."

"எப்படிப் பாடினாலும் அழிப்பாங்கக்கா. அது மெஷினு."

"நீ பாடு, சொல்றேன்."

3. பட்டம் எத்தனை நாள் செல்லும்

அடுத்த சீசன் முடிகிற வரைக்கும் செல்லும். புது வின்னர் வந்ததும் கோயில் திருவிழா, கல்லூரி விழா எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். எனக்கு மிஞ்சியது கல்யாண ரிசப்ஷன். மேடையில் நான் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பேன், கீழே எல்லோரும் பிரியாணிப் பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. எனக்கும் பசித்தால் பந்திக்குத்தான் போவேன்.

ஸ்டுடியோவில் மட்டும் வேலை நிற்கவில்லை. சொன்ன நேரத்துக்கு வருவேன், சீக்கிரம் டியூனைப் பிடித்துக்கொள்வேன். அதனால் டிராக்குக்கு என்னையே கூப்பிட்டார்கள். என்னைப் போலவே டிராக் பாடுகிற ஒரு பெண் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாள்: "எதுக்குக்கா இவ்ளோ கத்துற? எப்படியும் அழிக்கப் போறாங்க. அரைக் குரல்ல பாடிட்டு தொண்டைய கச்சேரிக்கு வச்சுக்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் எனக்கு அரைக் குரல் வரவில்லை. மைக் முன்னால் நின்றால், பூ வைத்துக்கொண்டு வேனில் ஏறிய அந்தப் பெண்கள் கண் முன் வந்துவிடுவார்கள். முழுக் குரலில் பாடினேன். எல்லாவற்றையும் அழித்தார்கள். நான் பாடிய படங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஊரில் கேட்டால் கச்சேரிக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எப்போதாவது ஒரு பாட்டாவது நிற்குமா என்ற ஆசை மட்டும் போகவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

4. லோடு

கதாநாயகி தண்ணீர்க் குடத்தோடு மேடேறுகிற பாட்டு ஒன்று வந்தது. சரணத்தில் குரல் சட்டென்று மேலே போக வேண்டும். என்னையும் மீறி பழைய 'ஹக்' வந்துவிட்டது. "பரவால்ல மேடம், வெட்டிக்கலாம்" என்றார் இன்ஜினியர். வழக்கம்போல வீட்டுக்கு வந்து மறந்துவிட்டேன்.

பல மாதம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் செக் செய்துகொண்டிருந்தபோது பவுனு அக்கா போனில் கூப்பிட்டார்.

"ஏண்டி, பாட்டு வந்திருக்கு, ஒரு வார்த்த சொல்லல?"

"எந்தப் பாட்டுக்கா?"

"குடம் தூக்குற பாட்டு. லாரில ஓடுது."

"அது நான் இல்லக்கா. டிராக்தான் பாடினேன், அழிச்சிருப்பாங்க. மறுபடியும் ஊரெல்லாம் சொல்லிடாத."

"எனக்கா தெரியாது? மேல ஏறும்போது மூச்சு இழுக்கிற பாரு. இந்தா கேளு."

போனை லாரி ஸ்பீக்கர் பக்கம் பிடித்தார். இன்ஜின் சத்தம், காற்று, பெண்களின் பேச்சு. அதற்கு நடுவே சரணம். மேலே எடுக்கும் முன்னால் 'ஹக்'. என் மூச்சேதான். மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் இன்ஜினியரிடம் கேட்டேன். பெரிய பாடகி வந்து பாடியிருக்கிறார். டைரக்டருக்கு அதில் பாரம் சுமந்த மாதிரி இல்லையாம். "டிராக் குரலே இருக்கட்டும், மூச்சையும் வெட்டாதீங்கன்னுட்டாரு. உங்களுக்கு யாரும் சொல்லலையா மேடம்?" என்றார். யாரும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் அழித்தாலும் சொல்ல மாட்டார்கள், வைத்துக்கொண்டாலும் சொல்ல மாட்டார்கள். எது நிற்கும் என்று பாடுகிறபோது நமக்குத் தெரியாது. ஆகவே போன் செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எதையும் அரைக் குரலில் பாடாதீர்கள்.

அன்று போனில் பாட்டு முடிந்ததும், அந்தப் பக்கம் லாரி டிரைவர், "நேரமாவுதுக்கா, ஏத்துங்க" என்று கெஞ்சுவது கேட்டது.

"இன்னொரு தபா போடு" என்றார் பவுனு அக்கா. "போட்டாதான் லோடு."